கூட்டி வைத்த வால்யூம்

அன்புள்ள அம்மாவுக்கு,

செவ்வாய்க்கிழமை ஆபீசில் என் சீனியரிடம், "உங்க வால்யூம் கூடுதலா இருக்கு" என்று நான் சொல்லவில்லை. அன்று போனில் உன்னிடமும் எதுவும் சொல்லவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறாய்?

பழைய கிட்டார் ஆம்ப்ளிபயரின் ஒலியைக் கம்ப்யூட்டரில் அப்படியே வரவழைப்பதுதான் எங்கள் வேலை. நான் ஒரு புரோகிராம் எழுதினேன், சீனியர் ஒன்று எழுதினார். என்னுடையது தேர்வானால் என் வேலை நிரந்தரம். எது அசலைப் போல இருக்கிறது என்று, சோதனைக்கு வரவழைத்த ஒரு கிட்டார்க்காரர் திரையைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். சத்தம் துளி கூடினாலே காதுக்கு நன்றாகத் தோன்றும் என்பதால் இரண்டையும் ஒரே அளவில் வைப்பது முறை. சீனியர் தன்னுடையதை மட்டும் சற்று ஏற்றினார். நான் அதைக் கவனித்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரியும்.

கிட்டார்க்காரர் சீனியருடையதைத்தான் சொன்னார்.

"உங்களுதுல உயிரே இல்லையேம்மா" என்று சீனியர் சிரித்தார். "எந்நேரமும் புத்தகத்துல மூஞ்சிய புதைச்சுக்கிட்டா காது எங்க கேக்கும்?"

அந்த வாயிலிருந்து வந்த "அம்மா"வைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கவலைப்படாதே, வேளைக்குச் சாப்பிடுகிறேன். என் நீலப் போர்வையை அனுப்பு. துவைக்காதே, அப்படியே அனுப்பு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்

பி.கு.: வெள்ளிக்கிழமை, எல்லோர் முன்னாலும் இரண்டையும் ஒரே அளவில் வைத்து மறுபடி கேட்க வைத்தேன். கிட்டார்க்காரர் என்னுடையதைச் சொன்னார். "விளம்பரம் போயிருச்சு, இனி மாத்த முடியாது" என்றார் மேனேஜர். விற்பனைக்குப் போவது சீனியருடையது. என் வேலையை நிரந்தரமாக்கவில்லை.