நாலு டிக்

மார்ச் 3
மறுபடியும் அதே பேச்சு. காலைப் பூட்டிக்கொள்ளும் பெடல் வேண்டுமாம் இவருக்கு. ஷூவுக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டு. மிதித்தால் பெடலில் மாட்டிக்கொள்ளும், குதிகாலை வெளியே திருப்பினால்தான் விடும். எங்களுடையது இருவர் மிதிக்கும் சைக்கிள். முன்னால் நான், பின்னால் இவர். இவருக்குக் கண் முக்கால்வாசி போய்விட்டது, எங்கே பள்ளம் என்றுகூடத் தெரியாது. அப்படிப்பட்டவரின் காலையும் பூட்டிவிட்டால்?

"போன மாசம் பெடல்ல கால் வழுக்கி ஏழு தையல் போட்டாங்களே, அப்ப பூட்டியா இருந்துச்சு?" என்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது.

மார்ச் 8
கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, எந்தப் பக்கம் இழுத்தாலும் விட்டுவிடும். இன்னொன்று, திருப்பினால் மட்டும். நான் முதலாவதைச் சொன்னேன். இவர் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு, "விடறது நானா இருக்கணும், பெடலா இருக்கக் கூடாது" என்று இரண்டாவதை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிடியைக் கூட்டக் குறைக்கப் பெடலில் ஒரு திருகாணி. திருகும்போது டிக், டிக் என்கிறது. முன்னால் எனக்கும் பின்னால் இவருக்கும் அதே வகையை மாட்டி, கடைக்காரர் நாலு டிக் இறுக்கித் தந்தார்.

மார்ச் 9
இவர் குளிக்கும்போது பின் பெடல்களில் அந்த நாலையும் தளர்த்திவிட்டேன். சொல்லவில்லை. தப்பா? இருக்கட்டும்.

மார்ச் 16
நிறுத்தும் முன் நான் "கழட்டுங்க" என்று கத்த வேண்டும். இன்று மறந்தேன். இவர் கால் சட்டென்று விட்டது, ஊன்றிவிட்டார். பார்த்தாயா, நான் செய்தது சரிதான்!

மார்ச் 23
ஏற்றம். இவர் எழுந்து மிதிக்க, வலது கால் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பின்னால் லாரி. எப்படி ஓரம் கட்டினேனோ. அதே கால், தையல் போட்ட இடத்திலேயே ரத்தம்.

"சரியா மாட்டல போல" என்றார். குனிந்து ரத்தத்தைத் துடைத்தேன். பாவி நான்.

மார்ச் 24
இரண்டு தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

மார்ச் 25
சொல்லிவிட்டேன், அழுதுகொண்டே.

"தெரியும்."

முதல் நாளே தெரியுமாம். கால் விடும் சத்தம் வேறு மாதிரி இருந்ததாம். திருகாணியைத் திருப்பிப் பார்த்தால் தளர்த்த ஒரு டிக் கூட மிச்சமில்லையாம்.

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"நான் இறுக்கிட்டா நீ பயந்து ஓட்டுவே. பயந்தவ பின்னால உக்கார எனக்குப் பயம்."

இத்தனை நாள் யாரை யார் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்?

ஏப்ரல் 6
இவர் பெடல் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டார். நான் திருகினேன். இவர் எண்ணினார். மூன்றில் என் கை நின்றுவிட்டது. இவர் அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தார்.

நாலு.

அதே ஏற்றம். கால் விடவில்லை. இறங்கி வந்து சிக்னலில் "கழட்டுங்க!" என்று கத்தினேன், தெருவே திரும்பிப் பார்த்தது. இவர் கால் இறங்கிவிட்டது. என்னுடையதுதான் சிக்கிக்கொண்டது. சாய்ந்த சைக்கிளை என்னோடு சேர்த்து ஒற்றைக் காலில் தாங்கிக்கொண்டு கேட்கிறார்:

"உன் பெடலைக் கொஞ்சம் தளர்த்தட்டுமா?"