மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்

ஜூன் 4

அன்புள்ள கண்ணாடிக்கடைக்காரிக்கு,

இங்கே நலம். நீயும் பாப்பாவும் நலமா? "மூணாவது ஆஸ்பத்திரி. இதுவும் சரிவரலைன்னா என்னை மறந்துடுங்க" என்று வாசலில் நீ சொன்னது காதிலேயே இருக்கிறது.

இந்த டாக்டர் ஒரு தினுசு. அறிவுரையே கிடையாது. குடித்த நாள்களிலேயே இனிப்பான ஒன்றை எழுதச் சொன்னார். வாரம் ஒருமுறை மாத்திரை போட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதை உரக்கப் படிக்க வேண்டும். மொத்தம் ஆறு வாரம். "ஞாபகம் போகாதுப்பா. அதுமேல ஒட்டியிருக்குற ருசிதான் போகும். ருசி போனா அது உன்னைக் கூப்பிடாது" என்கிறார். மூன்று வாரம் ஆயிற்று. நேற்று எதிரே பாட்டிலை வைத்தார்கள். ஃபினாயிலைப் பார்ப்பது போலப் பார்த்தேன்! என்னாலேயே நம்ப முடியவில்லை.

உன் லிஃப்ட்காரன்

ஜூன் 9

என்னங்க,

ஃபினாயில் என்று படித்ததும் கடையிலேயே அழுதுவிட்டேன். கண் பரிசோதனைக்கு வந்த அம்மாள், ஏதோ எரிகிற சொட்டு மருந்து என்றும் அடுத்தது தனக்குத்தான் என்றும் பயந்துவிட்டார். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களிடம் காட்ட டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

ஆமாம், அதென்ன அப்படி இனிப்பான நாள்? சேக்காளிகளோடு கூத்தடித்த நாளா? கோபப்பட மாட்டேன், சொல்லுங்கள்.

உங்கள் கண்ணாடிக்கடைக்காரி

ஜூன் 14

அன்புள்ளவளே,

கேட்டுவிட்டாய். பொய் சொல்லக் கூடாது என்பது இங்கே முதல் விதி.

நீ லிஃப்டில் மாட்டிக்கொண்ட நாள். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனதே, ரிப்பேர் பார்க்க வந்த நான் வெளியிலிருந்து நாற்பது நிமிஷம் பேசினேனே, அந்த நாள். எனக்கு அப்படிப் பேச வருமா? மத்தியானமே ஒரு குவார்ட்டர் உள்ளே போயிருந்தது. கதவு நடுவில் இருந்ததால் வாடை உனக்குத் தெரியவில்லை. டாக்டர் இனிப்பானதைக் கேட்டார். என்னிடம் அதைவிட இனிப்பு வேறில்லை.

நான்காவது முறையும் படித்தேன். எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் யாரோ செய்த வேலையின் ரிப்போர்ட்டைப் படிப்பது போலிருக்கிறது. போனது குடியா, நீயா, இரண்டுமா? ஒன்றும் புரியவில்லை.

லி.

ஜூன் 19

என்னங்க,

குடித்த நாள் ஆயிரம் இருக்க, போயும் போயும் என் நாள்தானா கிடைத்தது? அந்த நாற்பது நிமிஷத்தை வைத்துத்தான் பதினோரு வருஷம் ஓட்டினேன். நீங்கள் விழுந்து கிடந்தபோதெல்லாம், உள்ளே அந்த மனுஷன் இருக்கிறார், குடிதான் மறைக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த மனுஷனே குடிதான் என்றால், நான் யாரைக் கட்டிக்கொண்டேன்? அன்றைக்குக் கதவுக்கு வெளியே நீங்கள் ஆரம்பித்ததும், உள்ளேயிருந்து நான் கேட்டதும் அப்படியே நினைவிருக்கிறது.

"பயப்படாதீங்க, இந்த லிஃப்ட் என் மாமியார் மாதிரி. நடுவழியில நின்னாத்தான் அதுக்குத் திருப்தி."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க. இப்போதைக்கு மாமியார் மட்டும்தான்."

பாழாய்ப்போன சிரிப்பு, எழுதும்போதும் வருகிறது.

ஆனால் போன வருஷம் நீங்கள் போதையில் லிஃப்ட் கதவைப் பூட்டாமல் வந்ததும், ஒரு கர்ப்பிணி குழியில் காலை வைக்கப் போனதும் எனக்கு மறக்கவில்லை. அதனால் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். என் நாள் போனால் போகட்டும்.

முப்பதாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் நேரே வீட்டுக்கு வர வேண்டாம். நாலு மணிக்கு, அன்றைக்கு நான் மாட்டிக்கொண்ட அந்தக் கட்டடத்துக்கு வாருங்கள். நான் லிஃப்டில் ஏறி, சிவப்புப் பட்டனை அழுத்தி நடுவில் நிறுத்துவேன். நீங்கள் வெளியே நின்று பேசுங்கள். குடிக்காத மனுஷன் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்கப்புறம்தான் வீட்டுச் சாவி.

க.

ஜூன் 25

அன்புள்ள உனக்கு,

ஆறாவது முறையும் முடிந்தது. என்ன பேசுவதென்று எழுதி எழுதிக் கிழிக்கிறேன். மாமியார் ஜோக்கைச் சொல்லிப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. அதை உன்னிடம் திரும்பச் சொல்லி ஏமாற்ற மாட்டேன்.

முப்பதாம் தேதிக்கு எந்தச் சட்டை என்று பத்துத் தடவை மாற்றிப் பார்த்துவிட்டேன். குடியை விட்ட கோளாறா என்று கேட்டேன். "அது போய் எவ்வளவோ நாளாச்சு. இது வேற" என்று டாக்டர் சிரித்தார்.

சிவப்புப் பட்டனை அழுத்தாதே. அது பழைய லிஃப்ட். அழுத்தினால் விளக்கும் போய்விடும், மெஷின் ரூமுக்கு ஏறித்தான் சரிசெய்ய வேண்டும். அதுவரை நீ இருட்டில் தனியாக நிற்பாய். அன்றைக்கும் அப்படித்தான் நின்றாய். உன்னைச் சிரிக்க வைத்தேனே தவிர, மேலே போய் விளக்கைப் போடத் தோன்றவில்லை எனக்கு.

லிஃப்டுக்குள் ஏறி, கீழ்த்தளத்திலேயே கதவைச் சாத்திக்கொண்டு நில். நான் மூன்று மணிக்கே வந்து விளக்கைச் சரிபார்த்துவிடுகிறேன். பேச்சு வராவிட்டாலும் கதவை விட்டு நகர மாட்டேன்.

லிஃப்ட்காரன்