அறுபத்தாறில் போன ஊர்வலம்

பிப்ரவரி 4, செவ்வாய்

பேண்டு மாஸ்டர் இன்று தாளம் பிடித்துப் பழக மெட்ரோனோமைக் கொடுத்தார். "கீழ போட்டுடாத. பேண்டுக்கு இது ஒண்ணுதான் இருக்கு." சின்ன மரப்பெட்டி. முன்னால் ஒரு கம்பி இடமும் வலமும் ஆடி டக் டக் என்கிறது. கம்பியில் இருக்கும் எடையை மேலே தள்ளினால் மெதுவாக ஆடும், கீழே இறக்கினால் வேகமாக. எங்கள் மாவு மில்லில் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அரைக்க யாரும் வராத நேரத்தில் சோள மூட்டைமேல் அடித்துப் பழகுகிறேன்.

பெரிய ட்ரம் எனக்கு ஏன் வந்தது என்று தெரியாதா என்ன. அதை அடித்துக்கொண்டிருந்த தாசியோ அண்ணன் தக்காளித் தோட்ட வேலைக்கு வடக்கே போய்விட்டான். மற்ற வாத்தியத்துக்கெல்லாம் நோட்டு படிக்க வேண்டும். அம்மாவின் கை மில் பெல்ட்டில் மாட்டிய வருஷம் நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ட்ரம்முக்கு அவ்வளவு படிப்பு வேண்டாம்.

பிப்ரவரி 6

ஒத்திகை. கிளாரினெட் வாசிக்கும் அராசெலி பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். எல்லார் முன்னாலும் சொன்னாள்: "தீலா அடிக்கிறது மாடு மேயற மாதிரி இருக்கு. தோணினப்ப ஒரு வாய்." சிரித்தார்கள். மாஸ்டரும்கூட. நானும் சிரித்தேன் — அதுதான் இப்போது வலிக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

சாவு ஊர்வலப் பாட்டுக்கு நிமிஷத்துக்கு 66 அடி என்று தாளில் போட்டிருக்கிறது. காலையிலிருந்து 66 மட்டும்தான். இனி யாரும் மாடு என்று சொல்லக்கூடாது.

எர்மே அத்தை சோள வாளியோடு வந்தார். எனக்கு உறவில்லை, ஊருக்கே அத்தை. இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னடி இது, சும்மா தலையாட்டிக்கிட்டே இருக்கு. எங்க வீட்டுக்காரர் மாதிரி. எது சொன்னாலும் ஆட்டுவாரு, ஒண்ணும் செய்ய மாட்டாரு."

சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை. அவர் தெருவைத் தாண்டிய பிறகுதான் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

பிப்ரவரி 11

அந்தத் தலையாட்டுகிற வீட்டுக்காரர், செலெரினோ மாமா, விடியற்காலையில் இறந்துவிட்டார். நாளை அடக்கம். என் முதல் ஊர்வலம்.

பிப்ரவரி 12

எப்படி எழுத.

பேண்டு முன்னால், சவப்பெட்டி பின்னால், அதற்கும் பின்னால் ஊர். தலைக்குள் டக் டக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு அடி தவறவில்லை. அராசெலி திரும்பி எனக்குத் தலையசைத்தாள். எனக்குச் சந்தோஷம். சாவு ஊர்வலத்தில் எனக்குச் சந்தோஷம். பெட்டி தூக்குகிறவர்கள் ட்ரம் அடிக்குத்தான் கால் வைப்பார்கள். கல்லறை மேட்டிலும் 66. ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லறை வாசலில் நின்றோம். பெட்டியை இறக்கினார்கள். எல்லாரும் வந்த வழியைப் பார்த்தார்கள். அத்தை கீழே, தண்ணீர்க் குழாய்ப் பக்கம், பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்தபடி ஏறிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் பெண்டாட்டி பெட்டிமேல் கை வைத்தபடி கல்லறைவரை வர வேண்டும். அந்தக் கைக்கு எட்டாமல் நான் மாமாவை இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

"பேண்டுக்கு என்ன, பஸ் பிடிக்கணுமா?" என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். அத்தை வந்து சேரும்வரை ஊரே நின்றது. ட்ரம்முக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அது அவ்வளவு பெரிசு இல்லை.

பிப்ரவரி 13

மாவு அரைக்க அத்தை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாளியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

பிப்ரவரி 14

இன்றும்.

பிப்ரவரி 16

மாமாவுக்கான ஒன்பது நாள் ஜெபம் முடிந்து, 21ஆம் தேதி காலையில் பூவால் கட்டிய சிலுவையைக் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். அதற்கும் பேண்டு போகவேண்டும். ட்ரம்மைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"கொடு. கொடுத்துட்டு எங்க ஒளிஞ்சுக்குவ? ஊருக்கு ஒரே மில்லு, அதுவும் நம்ம மில்லு."

பிப்ரவரி 17

அத்தை வந்தார். ராத்திரி முழுக்க மன்னிப்பு கேட்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். வாயிலிருந்து வந்தது, "பொடியா அரைக்கட்டுமா அத்தை?"

அவர் திட்டவில்லை. மெஷின் நிற்கிறவரை காத்திருந்து சொன்னார்: "நாப்பத்திரண்டு வருஷம்டி. சந்தைக்கு, கோயிலுக்கு, எங்க போனாலும் அவர் முன்னாடி, நான் பின்னாடி. திரும்பிக்கூடப் பார்க்காம 'வா வா'ம்பாரு. கடைசி நாளாவது கூட நடக்கலாம்னு இருந்தேன்."

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமே. எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னே தெரியல.

பிப்ரவரி 18

இன்று ஒரு வெட்கங்கெட்ட வேலை செய்தேன். மாவு வாங்கிக்கொண்டு அப்படியே கல்லறைக்குப் போன அத்தைக்குப் பின்னால் திருடி மாதிரி நடந்து, அவருடைய காலடியை எண்ணினேன். மில்லுக்குத் திரும்பி மெட்ரோனோமில் தேடினேன். சமதரையில் 50. மேட்டில், எடையை உச்சிவரை தள்ளிப் பார்த்தேன். அங்கே 40 என்று இருக்கிறது. அத்தை அதைவிட மெதுவு. குழாய்ப் பக்கம் ஒரேயடியாக நின்றுவிடுகிறார். நிற்பதற்குப் பெட்டியில் எண்ணே இல்லை.

பிப்ரவரி 19

ஒத்திகை முடிந்ததும் மாஸ்டரிடம் போனேன். நானாகப் போய் அவரிடம் பேசுவது இதுதான் முதல் தடவை. "21ஆம் தேதி நான் பின்னாடி பாத்துக்கிட்டே நடக்கலாமா?"

"கல்லு தடுக்கி விழுந்து வைப்ப."

"விழமாட்டேன் மாஸ்டர்."

அராசெலி கிளாரினெட்டைத் துடைத்தபடி, "மாடு இப்ப நண்டாயிடுச்சு" என்றாள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. மாஸ்டர் மட்டும் சரி என்றார்.

பிப்ரவரி 21

பக்கவாட்டில்தான் நடந்தேன். கழுத்து இன்னும் வலிக்கிறது. அத்தை சிலுவை மேல் கை வைத்திருந்தார். நான் அவருடைய இடது காலை மட்டும் பார்த்தேன். அது தரையைத் தொட்டால் அடி. தொடாவிட்டால் இல்லை.

குழாய்ப் பக்கம் வந்ததும் அவர் குனிந்து செருப்பைப் பிடித்தார். நான் கையைத் தூக்கினபடியே நிறுத்திவிட்டேன். பாட்டு நடுவில் அறுந்தது. அராசெலியின் கிளாரினெட் வாத்து மாதிரி ஒரு சத்தம் போட்டு அடங்கியது. மாஸ்டர் திரும்பினார். சிலுவை நின்றது, ஊரும் நின்றது. அத்தை அவசரமே படவில்லை. நிமிர்ந்து, மூச்சு வாங்கி, சிலுவை மேல் மறுபடி கை வைத்தார்.

அடித்தேன்.

வாசலில் எல்லாரும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தோம்.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் முதல் வாளி அத்தையுடையது. நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு என் செருப்புக்கு ஒண்ணும் ஆகல" என்றார். "நீ நிக்கிறியான்னு பாத்தேன்."

"தெரியும் அத்தை. அந்தச் செருப்புல அறுந்துபோக வாரே இல்லையே."

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு உனக்கு. பொடியா அரை."