குளிர் அறையில் தோப்புக்கரணம்

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை ஒரு கூத்து. மீன் பெட்டி அடுக்கும் குளிர் அறையில் நானும் எலக்ட்ரீஷியனும் இருந்தபோது கதவு சாத்திக்கொண்டது; உள்ளிருந்து திறக்க முடியவில்லை. அபாய மணியும் அடிக்கவில்லை. அதைப் பழுது பார்க்கத்தான் அவர் வந்திருந்தார்!

கொஞ்ச நேரத்தில் அவர் பெட்டிமேல் உட்கார்ந்து, "கண்ணு சொக்குதுப்பா, சாஞ்சுக்கறேன்" என்றார். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"தூங்கினா அவ்வளவுதான். எந்திரிங்கண்ணே!"

"யாருக்கு இந்தத் தோப்புக்கரணம்?" என்று என் காலை உடற்பயிற்சியைக் கேலி செய்வாயே, அதைத்தான் இருவரும் போட்டோம். வீட்டில் எனக்காக எண்ணும்போது பாப்பா பதினேழை விட்டுவிடுவாள் அல்லவா? நானும் அப்படியே எண்ணினேன்.

"பதினேழு எங்கப்பா?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது. முந்நூறு தாண்டியதும் பயம் போய், சாமி கும்பிடும்போது வருமே, அந்த அமைதி வந்தது. ஐந்நூற்றுச் சொச்சத்தில் கதவைத் திறந்தார்கள்.

விரல் நுனிகள் மட்டும் இன்னும் மரத்திருக்கின்றன. அதனால்தான் எழுத்து கோணல். இரண்டு ஜோடி கம்பளிக் கையுறை அனுப்பு.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. பாப்பாவுக்கு யாரும் பதினேழைச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். நான் வந்து சொல்லிக்கொடுக்கிறேன்.