சிவப்பு எழுத்தில் ஒரு பெயர்

ஹகி
செப்டம்பர் 24

சிகாயோவுக்கு,

இங்கே வெயில் தணிந்துவிட்டது. ஒசாகாவில் நீ நலம்தானே? தோட்டத்து நாரத்தை கிளை முறியக் காய்த்திருக்கிறது. பறித்துத் தின்னத்தான் ஆளில்லை.

குடும்பக் கல்லறையின் கல் வெடித்துவிட்டது. புதிது வைக்கப்போகிறேன். என் பெயரை இப்போதே செதுக்கி, உயிரோடிருப்பதற்கு அடையாளமாகச் சிவப்புப் பூசிவிடலாம், காலமானதும் அந்தச் சிவப்பைச் சுரண்டிக்கொள்ளலாம் என்கிறார் கல்தச்சர். பக்கத்தில் உன் பெயரையும் செதுக்கச் சொல்லட்டுமா? நாம் பிரிந்திருந்தாலும் நீ இந்த வீட்டு மருமகள்தானே.

மொரியோ


கோயாசான்
அக்டோபர் 9

மொரியோ அவர்களுக்கு,

உடனே பதில் எழுதியிருந்தால் கோபத்தில்தான் எழுதியிருப்பேன். அதனால் பையைத் தூக்கிக்கொண்டு இந்த மலைக்கு வந்துவிட்டேன். கோயில் விடுதியில் தங்கியிருக்கிறேன்.

இப்படி ஓர் இடுகாட்டை நான் பார்த்ததே இல்லை. கோபுரம்போல் தேவதாரு மரங்கள். அவற்றின் அடியில் கண்ணுக்கெட்டியவரை கற்கள். ஒருவர் தலையை ஒருவர் கொய்யத் துடித்த பிரபுக்கள் இப்போது ஒரே பாசியைப் போர்த்திக்கொண்டு எதிரெதிரே நிற்கிறார்கள். பூச்சிமருந்து அடித்துப் பிழைப்பவர்கள், தாங்கள் கொன்ற கரையான்களுக்கும் ஒரு கல் நாட்டியிருக்கிறார்கள். அதன்முன் என்னை அறியாமல் கை கூப்பினேன்.

ஒரு சின்னக் கல்லில் ஆண் பெயர் கறுப்பாகவும் பெண் பெயர் சிவப்பாகவும் இருந்தன. ஓர் அம்மாள் அதைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். சிவப்பு யாரென்று கேட்டேன்.

“நான்தான். அவரைக் கழுவறப்போ அப்படியே என்னையும் கழுவிக்கிறேன்.”

புகுந்த வீட்டாரோடு போய்ச் சேரப் பயமாக இல்லையா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

“அவங்கல்லாம் ஊர்க் கல்லறையில இருக்காங்கம்மா. இது எங்க ரெண்டு பேருக்கு மட்டும். எங்க வீட்டுக்காரரு அவங்க அம்மாகிட்ட நேராப் போய்ச் சொல்லிட்டுத்தான் இந்த இடத்த வாங்கினாரு. சொல்லிட்டு வந்து ஒரு வாரம் சரியாச் சாப்பிடல, பாவம்.”

விடுதிக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடிக்கொண்டே வந்தது. நான் போட்ட தேநீரை உங்கள் அம்மா என் கண்முன்னே தொட்டியில் கொட்டுவார். நீங்கள் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தியதுகூட இல்லை. செத்த பிறகும் அங்கே வந்து தேநீர் போட என்னால் ஆகாது. என் பெயரைச் செதுக்க வேண்டாம்.

சிகாயோ


ஹகி
அக்டோபர் 20

சிகாயோவுக்கு,

உன் பெயர் வேண்டாமென்று கல்தச்சரிடம் சொல்லிவிட்டேன். என் பெயரும் வேண்டாம் என்றேன். “மூத்த பையன் நீங்களே வெளியே போனா எப்படிங்க?” என்றார். கல்லறையை இனித் தம்பி குனியோ பார்த்துக்கொள்வான். அவன் சம்மதித்துவிட்டான்.

பிறகு கல்லறைக்குப் போய் ஊதுபத்தி ஏற்றினேன். அம்மாவிடம் வாய்விட்டே சொன்னேன்.

“அம்மா, சிகாயோ போட்ட டீ நல்லாத்தான் இருந்துச்சு. நான் இங்க வரப்போறதில்ல.”

பக்கத்தில் பூ மாற்றிக்கொண்டிருந்த ஓனோ வீட்டு அம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். உயிரோடு இருந்தபோது சொல்லாததைக் கல்லிடம் சொல்வது பெரிய வீரமில்லை என்று எனக்கும் தெரியும். நீ திரும்பி வருவாய் என்று நினைத்தும் இதைச் செய்யவில்லை.

அந்தக் கரையான் கல் நிஜமாகவே இருக்கிறதா?

மொரியோ


ஒசாகா
அக்டோபர் 27

அன்புள்ள மொரியோவுக்கு,

வேலைக்குப் போகும் ரயிலில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மறுபடி ஒரே வீட்டில் குடியிருக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தச் சின்ன அறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த மலையில் நடக்கும்போது, “இதப் பாருங்களேன்” என்று பலமுறை பக்கத்தில் திரும்பினேன். அங்கே யாருமில்லை.

கரையான் கல் இருக்கிறது. இலைகள் சிவந்து உதிர்வதற்குள் வாருங்கள், காட்டுகிறேன். இடம் வாங்கும் பேச்செல்லாம் வேண்டாம். சும்மா சுற்றிப் பார்ப்போம். மேலே குளிர் அதிகம். முழங்காலுக்குக் கம்பளிப் பட்டை போட்டுக்கொள்ளுங்கள். மலை ரயில் நின்றதும் நிலைய வாசலில் பாருங்கள், நிற்பேன். அங்கிருந்து இடுகாட்டுக்குப் பஸ்ஸில் போகலாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வழக்கம்போல் என்னைப் பின்னால் விட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தீர்களானால், அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன்.

சிகாயோ