வாப்பா கோடு போட்ட பாடத்திட்டம்

பாலாவி
2018 மே 11

அன்பு மகள் ஃபஹ்மியா அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க இஞ்ச அல்லாஹ்ட காவலில உடம்புக்கு ஒரு குறையுமில்லாம இருக்கிறம், கோலாலம்பூரில நீயும் அப்பிடியே இருக்க வேணும் எண்டு கேக்கிறன். சுகம் விசாரிச்சது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் கோபம். ஃபோனில கதைச்சா நீ அழுவாய், நானும் இளகிப்போவன், அதாலதான் எழுதுறன். என்ட தம்பி மகன் ஸப்வான் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான்.

நிதிக் கணிதம் மாஸ்டர்ஸ் படிக்க ரெண்டு யூனிவர்சிட்டி கூப்பிட்டிருக்கு, நெதர்லாந்தா மெல்பேர்னா, வாப்பா எங்க சொல்றாரோ அங்க போறன் எண்டு போன மாசம் சொன்னாய். அந்தச் சொல்லை அவர் எப்பிடி எடுத்தார் எண்டு உனக்குத் தெரியுமா? நீ அனுப்பின ரெண்டு பாடத்திட்டத்தையும் சந்திக் கடையில பிரின்ட் எடுத்து, லொறியில உப்பு ஏத்தி முடியிற வரைக்கும் ஸ்டியரிங்கில வச்சுப் படிச்சார். விளங்காத இங்கிலீசுச் சொல்லையெல்லாம் உன்ட பழைய பள்ளிக்கூடக் கொப்பியில எழுதிக்கொண்டு, உனக்கு இணைந்த கணிதம் படிப்பிச்ச அன்ரனிப்பிள்ளை சேரிட்ட மூண்டு ஞாயிறு போனார். தொண்ணூறில, ஓஎல் சோதனை எழுத இருந்த வருசம், மன்னாரில இருந்து இயக்கக்காரர் எங்கட முஸ்லிம் சனத்தை விரட்டினதோட படிப்பை விட்ட மனிசன், நாப்பத்தி நாலு வயசில அடுப்படிக்கு வந்து நிகழ்தகவு எண்டா என்ன எண்டு எனக்கு விளக்கினார். சட்டியில ஆணம் அடிப்பிடிச்சது கூடத் தெரியாமக் கேட்டுக்கொண்டு நிண்டன். எது நல்லமெண்டு அல்லாஹ்ட்டக் கேட்டு இஸ்திகாராவும் தொழுதார். கடைசியா நெதர்லாந்துதான் எண்டு முடிவெடுத்து, உனக்குச் சொல்ல ஃபோனைக் கையில எடுத்த நேரம் ஸப்வான் வந்தான். மாமா எடுக்காதீங்க, அவ நெதர்லாந்து வேணாமெண்டு எழுதி மூண்டு கிழமையாச்சு, கூட்டாளி லக்சனா போற மெல்பேர்னுக்குத்தான் போறா எண்டான். அப்ப ஏன் என்னட்டக் கேட்டா எண்டு வாப்பா கேட்டார். அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு நீ சொன்னதை அப்பிடியே சொன்னான். வாப்பாவுக்கு இதெல்லாம் விளங்கவா போகுது, கேட்டா சந்தோசப்படுவார், அதுக்குத்தான் கேட்டன் எண்டியாமே.

வாப்பா கொப்பியை அலுமாரிக்குள்ள வச்சிட்டு நேர சேரிட்டப் போய், உங்கட நேரத்தை வீணாக்கிட்டன் மன்னிச்சுக்கொள்ளுங்க எண்டு சொல்லிட்டு வந்தார். நீ செய்ததுக்கு அவர் மன்னிப்புக் கேட்டார். என்னட்டயும், பிள்ளையை ஏசாத மைமூனா, அவட படிப்பு அவட விருப்பம் எண்டார். அவர் மன்னிச்சிட்டார், நான் மன்னிக்கேல்ல. மெல்பேர்னுக்குப் போறது பிழையில்ல, கூட்டாளியோட போறதும் பிழையில்ல, முதல்லயே சொல்லியிருந்தா துஆ செய்து அனுப்பியிருப்பம். பெத்த வாப்பாவைச் சின்னப்பிள்ளை மாதிரி ஏமாத்தி விளையாட்டுக் காட்டினியே, அதைத்தான் என்னால விழுங்க ஏலாமக் கிடக்கு.

விளங்காத மனிசன் கண்டுபிடிச்சதையும் கேள். உன்ட மலேசியா டிகிரிப் புள்ளிச் சீட்டையும் மெல்பேர்ன் பாடத்திட்டத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பார்த்து, முதல் வருசத்தில மூண்டு பாடம் நீ ஏற்கெனவே படிச்சு முடிச்சதுதான் எண்டு சிவப்புப் பேனையால கோடு போட்டிருக்கிறார். சேரும் சரிபார்த்திட்டு, ஓம் ஹாசிம், இது என்ட கண்ணில கூடப் படேல்ல எண்டாராம். இத்தினை படிச்ச உன்ட கண்ணில பட்டுதா? இதை உனக்குச் சொல்ல வேணாம், பிள்ளை குழம்பிப்போகும் எண்டு வாப்பா என்னட்டக் கெஞ்சினார். எனக்கு அந்த இரக்கம் இல்ல. நெதர்லாந்துக்குத் திரும்ப எழுதிக் கேட்பியோ, படிச்சதையே உக்காந்து படிப்பியோ, அது உன்ட பாடு.

நோன்பு வருது, விடியமுன்ன ஸஹருக்கு வெறும் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படுக்காத. அல்லாஹ் உனக்கு அறிவோட பணிவையும் தரட்டும், எந்த நாட்டில இருந்தாலும் உன்னைக் காப்பாத்தட்டும். இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுதாத, வாசிக்கவும் மாட்டன். வாப்பாவுக்கு எழுது.

உன்ட உம்மா
மைமூனா