காந்தமங்கை வில்லியான மாதம்

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே காற்று. கூரைமேல் இரண்டு தென்னை மட்டை. ஏழாம் வகுப்பு விடைத்தாள் பாக்கி: 41.

சொசைட்டியில் பால் ஊற்றியதும் செக்ரட்டரி பொட்டலத்தை நீட்டினார். 'ஏழாம் படை', இதழ் 312. தம்பி படித்து முடித்து, பழைய பேப்பரில் சுற்றி, சணல் கட்டி அனுப்பியது.

புது நோட்டு என்பதால் ஒருமுறை எழுதி வைக்கிறேன். தம்பியோடு பேச்சு நின்று பதினோரு வருடம். அப்பா நிலத்தில் பங்கு கேட்டேன், கோர்ட்டில் வாங்கினேன், அதிலிருந்து. ஆனால் இந்த காமிக்ஸ் நிற்கவில்லை. சந்தா அவன் பேரில். படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் திட்டி எழுதி அனுப்புவான். நான் அதற்குக் கீழே அவனைத் திட்டித் திருப்பி அனுப்புவேன். கதையைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. யாரும் போட்ட விதி அல்ல.

312. புது ஆசிரியர் குழு. 'புதிய பாதை' என்று அட்டையிலேயே எச்சரித்திருக்கிறார்கள். இருபத்தாறு வருடம் உலகத்தைக் காப்பாற்றியவர்கள் இந்த மாதம் காப்பாற்றவில்லை. நேரமில்லை. காந்தமங்கை, கூடப் பிறந்த எரிமலை மீது வழக்குப் போட்டிருக்கிறாள். படையின் கலங்கரைக் கோட்டையில் பாதி வேண்டுமாம். நாற்பது பக்கத்தில் ஒரு குத்து இல்லை. வாய்தா இரண்டு. கடைசிப் பக்கத்தில் அவளுக்குக் கறுப்பு உடை, நீள நகம். 'இனி இவளே நம் எதிரி!'

பங்கு கேட்டால் நகம் வளரும் போலிருக்கிறது. என் கையைப் பார்த்துக்கொண்டேன். சாக்பீஸ் தூள்.

ஓரங்கள் எல்லாம் வெறுமை. கடைசிப் பக்கத்தில் மட்டும் தம்பியின் பென்சில்: 'போதும்.'

எது?

ஜூலை 9, புதன்

காற்று. மின்சாரம் இல்லை. சட்னி அம்மியில்.

செக்ரட்டரி (இனி செ.) பால் அளந்துகொண்டே: "ஏனுங்க டீச்சர், இனிமே பொட்டணம் வராதுங்களாம். சந்தாவை நிறுத்திப்போட்டாராமா உங்க தம்பி. சொல்லிரச் சொன்னாருங்க."

"அக்காகிட்டச் சொல்லுங்கன்னாரா?"

யோசித்தார். நேர்மையான மனிதர், வேறு குறை இல்லை. "டீச்சர்கிட்டன்னுதானுங்க சொன்னாரு."

பின்னால் கேனோடு நின்றவர்: "பேசி முடிச்சா நாங்களும் ஊத்திட்டுப் போவோமுங்க."

விடைத்தாள்: திருத்தியது 3.

ஜூலை 10, வியாழன்

இடைவேளையில் பதிப்பகத்துக்கு போன். ஒரு பெண் எடுத்தாள், நல்ல குரல்.

"மேடம், இப்ப ரீடர்ஸ் ரியலிசம் எதிர்பார்க்கறாங்க."

ரியலிசம் வேண்டுமென்றால் எங்கள் வில்லேஜ் ஆபீஸில் இலவசமாகக் கிடைக்கிறது என்றேன். காந்தமங்கை மறுபடி நல்லவள் ஆவாளா என்று கேட்டேன். கேட்டது ஐம்பதை நெருங்கும் பெண்மணி, அரசு ஊழியர்.

"அவங்கதான் மேடம் இனி மெயின் வில்லன். ரெண்டு வருஷத்துக்குப் பிளான் இருக்கு."

ஜூலை 11, வெள்ளி

கதை மட்டம் என்பதால் நிறுத்தினானா? அல்லது இத்தனை வருடம் மனதில் இருந்ததை யாரோ நாலு வர்ணத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டதால், இனி எழுத ஒன்றுமில்லையா? முதலாவது என்றால் இதழைப் புகழ்ந்து அவனை இழுத்துவிடலாம். ஓரத்தில் எழுத நான் கண்டுபிடித்த நல்ல அம்சங்கள்:

தாள் கனம்.
ஸ்டேப்ளர் பின் ஒழுங்காக அடித்திருக்கிறது.
ப. 14, வானம் பரவாயில்லை.
நீதிபதி முகத்தில் உண்மையான தூக்கம்.

நாலையும் எழுதினேன். நாலையும் அழித்தேன். வாழ்நாளில் இவ்வளவு கேவலமான விமர்சனம் எழுதியதில்லை.

வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடி: "ஏம்புள்ள, ஒரு பொம்மைப் புஸ்தகம் நின்னதுக்கா இப்பிடி ஒக்காந்திருக்கற?"

பொம்மைப் புத்தகம்தான். அதைத் தவிர அவனிடமிருந்து வேறு எதுவும் வருவதில்லை. அவன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகூடத் தபாலில், அச்சடித்த விலாசம்.

ஜூலை 12, சனி

கடைசிப் பக்கம். அவன் 'போதும்' என்றதற்குக் கீழே எழுதினேன்: 'அவள் வில்லியா?'

கதையைப் பற்றிய கேள்விதான். விதி மீறவில்லை. இதைப் படிக்கும் யாரும் நம்பமாட்டார்கள், நான் உட்பட.

பேப்பர், சணல். செ. வாங்கி மேசைக்குள் வைத்தார். "குடுத்தர்றனுங்க. வாங்குவாரான்னு தெரியலீங்க."

ஜூலை 14, திங்கள்

பொட்டலம் மேசையிலேயே. தம்பி வந்தானாம், பால் ஊற்றினானாம், பார்த்தானாம், போய்விட்டானாம். "தொடவே இல்லீங்க."

வகுப்பில் ஒருத்தியை வேறு பெயரில் கூப்பிட்டேன். இரண்டு முறை.

ஜூலை 15, செவ்வாய்

மேசையில் இல்லை. எடுத்துப் போய்விட்டான். அல்லது எலி. செ.வைக் கேட்கப் பயமாக இருந்து, பாலின் கொழுப்பு அளவு பற்றி விசாரித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 16, புதன்

ஒன்றுமில்லை. விடைத்தாள் முடிந்தது. எல்லோருக்கும் இரண்டு மதிப்பெண் அதிகம் போட்டிருக்கிறேன். யாராவது என்னைப் பற்றி நல்லதாக நினைக்கட்டும்.

ஜூலை 17, வியாழன்

காற்று நின்றிருக்கிறது. செ. நீட்டினார். சணல் இல்லை, பேப்பர் இல்லை, புத்தகம் அப்படியே.

கடைசிப் பக்கம். என் கேள்விக்குக் கீழே, இரண்டு மூன்று தரம் எழுதி அழித்த தடத்தின் மேல்:

'வில்லி இல்லை. எரிமலை அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருந்தா அவ எதுக்குக் கோர்ட்டுக்குப் போறா.'

சொசைட்டிச் சுவரோரம் நின்று நாற்பது பக்கத்தையும் புரட்டினேன். வீட்டுக்கு வந்து மறுபடி. எரிமலையிடம் யாரும் எங்கேயும் கையெழுத்துக் கேட்கவில்லை.

நான்தான் கேட்டேன். பதினோரு வருடத்துக்கு முன், அவன் வீட்டு வாசலில், பத்திரத்தையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு.